மலை எங்கே நிற்கிறது?

நடிப்புப் பட்டறை எங்கே நடந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நம்மை விதையாக்கிவிடுவார்கள். எல்லோரும் தரையில் சுருண்டு உட்கார வேண்டும். கண்ணை மூட வேண்டும். "நீங்க ஒரு விதை. மண்ணுக்குள்ள இருக்கீங்க. மழை பெய்யுது. மெல்ல முளைக்கிறீங்க" என்று பயிற்சியாளர் கனத்த குரலில் சொல்லச் சொல்ல, கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் கையைத் தூக்கி மரமாவார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து அவரவர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் நிச்சயம் அழுவார். பட்டறை வெற்றி.

என்னோடு கேரளத்துக்கு வந்த தம்பி இதில் பழம் தின்று கொட்டை போட்டவன். மதுரைக்காரன், சென்னையில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறான். ஆலமரம், வேப்பமரம் எல்லாம் ஆகிவிட்டு, ஒரு பட்டறையில் இடம் போதாமல் போன்சாய் கூட ஆனானாம். "மரமா நிக்கும்போது நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா மேடையில போய் நின்னா, எதிர்ல இல்லாத ஆளப் பாத்துப் பேசணும்னா, கண்ணு அலையுது. அதுக்கு என்ன பயிற்சின்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்பான். நியாயமான புகார். இல்லாத ஆளை, இல்லாத மலையை, இல்லாத யானையை மேடையில் நிறுத்துவதைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகச் செய்தவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடமே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஷொறணூருக்கு இரவு ரயிலில் டிக்கெட் போட்டோம்.

ஷொறணூர் சந்திப்பில் இறங்கிக் கட்டன் சாயா குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தால், பாரதப்புழைப் பாலத்தின் மறுகரையே செறுதுருத்தி. புழை என்ற பெயருக்கு இப்போது மணல் திட்டும் நாணலும்தான் கண்ணில் படுகின்றன. கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டி 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இங்கே இருக்கிறது. கட்டணம் கட்டினால் வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு களரி. சன்னல் வழியாகச் செண்டைச் சத்தம் ஒரு பக்கம், மோகினியாட்டப் பாட்டு இன்னொரு பக்கம். வெள்ளைக்காரப் பயணிகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு களரி மாறினார்கள். நாங்கள் ஒரு கதகளிக் களரியின் திண்ணையில் போய் உட்கார்ந்தவர்கள், உச்சி வெயில் வரை எழுந்திருக்கவில்லை.

உள்ளே ஆசான் ஒரு கட்டையைக் கோலால் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மாணவன். வேஷம் இல்லை, வேட்டியும் வியர்வையும்தான். கல்யாணசௌகந்திகம் என்ற ஆட்டக்கதையில் வரும் அஜகரகபளிதம் என்ற பகுதி அது. பாஞ்சாலிக்காகச் சௌகந்திகப் பூத் தேடிக் காட்டுக்குள் போகும் பீமன் ஒரு காட்சியைக் காண்கிறான். ஓர் ஆண் யானையின் பின்காலை மலைப்பாம்பு கவ்வி விழுங்கத் தொடங்குகிறது. திமிறும் யானையின் மத்தகத்தின்மேல் ஒரு சிங்கம் பாய்கிறது. யானை, பாம்பு, சிங்கம், இதையெல்லாம் பார்த்து நிற்கும் பீமன் என நான்கும் ஒரே நடிகர்தான். வசனம் கிடையாது.

அந்தப் பையன் யானையாக நன்றாகவே நடந்தான். காதருகே இரண்டு கையையும் வைத்து விரலை அசைத்தபோது முறம் போன்ற காது தெரிந்தது. பின்காலில் ஏதோ பிடித்ததும் திரும்பிக் கீழே பார்த்தான். அடுத்த நொடி பாம்பாக மாறித் தரையோடு தாழ்ந்து மேலே பார்த்தான். கோல் நின்றது. திரும்பச் செய்யச் சொன்னார். மறுபடி நின்றது. எங்களுக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. நாலாவது ஐந்தாவது தடவையில்தான் தம்பி என் தொடையில் தட்டி, "அண்ணே, யானை பாக்குற எடத்துல பாம்பு இல்லண்ணே" என்றான்.

விஷயம் அதுதான். யானையாக இருந்தபோது வலது பின்காலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு புள்ளியை அவன் பார்த்தான். பாம்பானபோது அந்தப் புள்ளியில் இருந்துகொண்டு யானையின் உயரத்தைப் பார்க்க வேண்டும். அவன் பார்த்தது ஓர் ஆள் உயரம். அந்தக் கணத்தில் யானை செத்துப்போகிறது. பார்ப்பவனுக்கு ஏனென்று சொல்லத் தெரியாது, நம்பிக்கை மட்டும் போய்விடும். ஆசான் பையனிடம் 'பாம்பாக உணர்' என்று சொல்லவே இல்லை. கண்ணை இன்னும் உயர்த்து என்று கோலால் காட்டினார். உயர்த்தினான். யானை உயிரோடு திரும்பி வந்தது.

கலாமண்டலத்தின் இந்தப் பயிற்சிகளை உலகம் கவனிக்காமல் இல்லை. 1963-இல் யூஜெனியோ பார்பா என்ற இளம் நாடகக்காரர் இங்கே வந்து கதகளிப் பயிற்சியைப் பார்த்து எழுதினார். பார்த்த பயிற்சிகளைப் போலந்தில் இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியின் நடிகர்களிடம் கொண்டுபோனார். அங்கிருந்து அவை ஐரோப்பியப் பட்டறைகளுக்குப் பரவின. பிறகு அதே பட்டறைகள் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறி வந்தன. ஷொறணூரிலிருந்து இரண்டாம் வகுப்பில் வந்திருக்க வேண்டியது சுற்றிக்கொண்டு வந்த கதை இது.

கதகளியைப் போலவே கண்ணால் கதை சொல்லும் சமஸ்கிருத நாடகக் கலை கூடியாட்டம். கலாமண்டலத்தில் அதற்கான துறை தொடங்கியது 1965-இல். பைங்குளம் ராம சாக்கியார்தான் முதல் ஆசான். நெடுங்காலம் கோயில் கூத்தம்பலத்தை விட்டு வெளியே வராத கலை அது. சாக்கியார் ஆட, நம்பியார் மிழாவு கொட்ட, நங்கியார் பெண்வேடம் கட்டித் தாளமும் போட, பிறர் பார்க்கலாம், கற்க முடியாது. பைங்குளத்தார் 1949-இல் கோயிலுக்கு வெளியே கூத்து நடத்தியபோது சொந்தச் சமூகமே எதிர்த்தது. அவர் மீறியிராவிட்டால் கூடியாட்டத்தில் நாங்கள் எதையும் பார்த்திருக்க முடியாது. 2001-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு எல்லோரும் பெருமைப்பட்டார்கள். பெருமைப்படுவதற்கு முன்னால் இப்படி ஒருவர் திட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

திருச்சூர் சக்தன் நிலையத்தில் பேருந்து மாறி இரிஞ்ஞாலக்குடா போனோம். ராமனின் தம்பி பரதனுக்குக் கோயில் உள்ள ஊர். கூடல்மாணிக்கம் என்று பெயர். வளாகத்துக்குள் செப்புத்தகடு வேய்ந்த கூத்தம்பலம் இருக்கிறது. அம்மன்னூர் சாக்கியார் குடும்பம் பரம்பரையாக ஆடும் இடம். அந்தக் குடும்பத்தின் மாதவ சாக்கியார், 1917-இல் பிறந்து 2008-இல் மறைந்தவர், கண்ணாலேயே மலையைத் தூக்குவார் என்று பேர் வாங்கியவர். ஊரில் கூடியாட்டக் குருகுலமும், ஜி. வேணு நடத்தும் நடனகைரளியும் இருக்கின்றன. பிற மாநில நடிகர்களும் நடனக்காரர்களும் நவரசப் பயிற்சிக்காக நடனகைரளிக்கு வருகிறார்கள்.

எங்களுக்கு வாய்த்தது ஊருக்குச் சற்று வெளியே ஓர் ஆசானின் வீட்டுக் களரி. விடிவதற்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார். சாணி மெழுகிய தரை, ஒரு குத்துவிளக்கு, சம்மணமிட்டு உட்கார்ந்த இரண்டு மாணவிகள். உருக்கிய நெய்யைக் கண்ணில் விட்டுக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். கருவிழி மட்டும் நகர்ந்தது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், மூலைக்கு மூலை, அப்புறம் வட்டம். முதலில் எவ்வளவு மெதுவாக என்றால், விழி நகர்கிறதா என்றே எங்களுக்குச் சந்தேகம். பிறகு இரட்டிப்பு வேகம், அதற்குமேல் இன்னும் இரட்டிப்பு. தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. நாட்டிய சாஸ்திரம் 36 வகைப் பார்வைகளைப் பிரித்துச் சொல்கிறது. படிக்கும்போது பரதருக்கு வேறு வேலை இல்லையோ என்று தோன்றும். அந்தத் தரையில் உட்கார்ந்து பார்த்தபோது, முப்பத்தாறு குறைச்சலோ என்று பட்டது.

விடிந்ததும் இமையிலிருந்து கையை எடுத்துவிட்டு வேறு பயிற்சி. ஆசான் ஒரு மாணவியிடம் கைலாசத்தைப் பார்க்கச் சொன்னார்.

பாசனின் அபிஷேக நாடகத்தில் மூன்றாம் அங்கம், தோரணயுத்தம். அதில் ராவணன் தன் பழைய வீரத்தை நினைத்துப் பார்க்கிறான். குபேரனை வென்று பறித்த புஷ்பகத்தில் திரும்பும் வழியில் விமானம் நின்றுவிடுகிறது. எது தடுத்தது என்று பார்க்கிறான். மலை. மூலநாடகத்தில் இதற்குச் சில வரிகள் இருந்தாலே அதிகம். ஆட்டப் பிரகாரம் என்று சாக்கியார்கள் வைத்திருக்கும் நடிப்புச் சுவடிகளில் அது வளர்ந்து கிடக்கிறது. தூக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கே பல நிமிடம்.

அந்தப் பெண் அடிவாரத்தில் தொடங்கினாள். விழி மேலே ஏறியது. அது போதாமல் முகவாய் நிமிர்ந்தது. அதற்குமேல் மார்பே சற்றுப் பின்னால் சாய்ந்தது. உச்சியில் ஒரு கணம் நின்று, அப்புறம் இடது கோடி, வலது கோடி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண் திரும்பிக் கீழே வந்ததும் ஆசான் கேட்டார்: "மல எவிடே?"

அவள் விழித்தாள். அவர் எங்கள் பக்கம் திரும்பி, தமிழும் மலையாளமுமாக விளக்கினார். ஏறும்போது மலை தூரத்தில் இருந்தது. இறங்கும்போது அவள் பார்வை பத்தடி தள்ளி விழுந்தது. "கண்ணு நல்லா உண்டு சாரே. பக்ஷே மல வந்நு வந்நு காம்பவுண்டு சுவராயி." தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்கினாள். காலை முழுக்க அதே மலை. இதே இடத்தில், இதே தூரத்தில், இதே உயரத்தில் நாளைக்கும் அது நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் என்றாவது ஒருநாள் அவள் அதை அடியோடு பெயர்த்துத் தூக்கும்போது பார்ப்பவர்களுக்குக் கனம் தெரியும்.

மேடையில் இதற்குத் துணை விளக்கு ஒன்றுதான். நடிகரின் முன்னால் நிற்கும் குத்துவிளக்கில் மூன்று திரி. இரண்டு நடிகரை நோக்கி, ஒன்று சபையை நோக்கி. வெளிச்சம் முகத்தில் விழும், கையில் விழும், மற்றதெல்லாம் இருட்டு. ஆட்டத்துக்கு முன் சுண்டைப் பூவின் சிறு பிஞ்சைக் கசக்கி இமைக்குள் வைத்துக் கண்ணைச் சிவக்க வைப்பதும் இந்த வெளிச்சத்துக்காகத்தான். வெண்விழி சிவந்திருந்தால் கருவிழியின் அசைவு தூரத்திலும் தெரிகிறது.

இன்னொரு மாணவிக்குக் கிடைத்தது விட்டில்பூச்சி. குலசேகர வர்மனின் சுபத்ராதனஞ்சயத்தில் அர்ஜுனன் ஓர் ஆசிரமத்தைப் பார்க்கிறான். அங்கே பகையே இல்லை. விட்டில் தீயில் விழுகிறது, ஆனால் கருகுவதில்லை. மான்குட்டி புலியிடம் பால் குடிக்கிறது. யானைக்கன்று சிங்கத்தின் பல்லைத் தாமரைத் தண்டென்று நினைத்துத் தடவுகிறது. பாம்புக்குட்டி கீரியை நக்கித் தூங்கவைக்கிறது. நான்கு வரிச் செய்யுள் ஒன்று. அதன் முதல் வரியை மட்டும் ஆடக் கற்றுக்கொண்டிருந்தாள்.

முதலில் அர்ஜுனனாகத் தீயைப் பார்த்தாள். தீயின் உயரத்தில் கண் நின்றது, வெப்பத்தில் இமை லேசாகச் சுருங்கியது. பிறகு எங்கிருந்தோ வந்த விட்டிலைப் பார்த்தாள். கருவிழி அதன் பின்னால் சிறு சிறு வெட்டாகச் சுற்றியது. அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வது? பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த கண் பூச்சியாகவே ஆகிவிட்டது. தலை அசையவில்லை. இரண்டு கருவிழியும் படபடத்துத் தீயை நோக்கி ஈர்க்கப்பட்டு, தயங்கி, விலகி, மறுபடி ஈர்க்கப்பட்டு விழுந்தன. உடனே அவளே தீ. உடம்பு நிமிர்ந்து நடுங்கியது. பிறகு திரும்ப அர்ஜுனன், கருகாமல் எழுந்து பறக்கும் பூச்சியை வியப்போடு பார்க்கிறான். காண்பது, கண்டதாக ஆவது, மறுபடி வெளியே வந்து காண்பது. இந்த மூன்றுக்கும் நடுவே தாவப் பழகுவதே பகர்ந்நாட்டம் என்று அவர்கள் சொல்லும் முறைக்கு அடிப்படை. ராவணனாக இருப்பவர் வேட்டியின் தலைப்பை இடுப்பில் செருகினால் பார்வதி. எடுத்துவிட்டால் ராவணன்.

பட்டறைகளில் 'பாத்திரத்துக்குள் போய்விட வேண்டும்' என்று சொல்வார்கள். போனவர் வெளியே வருவது எப்படி என்று பெரும்பாலும் சொல்வதில்லை. இங்கே வெளியே வருவதும் பாடத்தில் சேர்த்தி. சொல்லப்போனால் கடினமான பாதி அதுதான்.

இதைப் பார்த்துவிட்டு, ருஷ்யக்காரர் சொன்னதெல்லாம் வீண் என்று முடிவு கட்டத் தேவையில்லை. தம்பி கட்டத் தயாராக இருந்தான். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்புப் பயிற்சி நூல் 1936-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் கற்பனை பற்றிய அத்தியாயத்தில் ஒரு மாணவன் மரமாகிறான். நம் பட்டறை மரங்களுக்கெல்லாம் அதுவே மூதாதை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஆசிரியர் அவனைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி விட்டுவிடவில்லை. என்ன மரம், எங்கே நிற்கிறாய், எந்தக் காலம், சுற்றிலும் என்ன தெரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது என்று துளைத்தெடுக்கிறார். பையன் ஒரு கோட்டைக்கு அருகே நிற்கும் பழைய ஓக் மரமாகிறான். கேள்விதான் அங்கே பயிற்சி. நம்மூருக்கு வந்து சேரும்போது கேள்விகள் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன, மரம் மட்டும் மிஞ்சியது.

கூடியாட்டத்தில் அந்தக் கேள்விகள் உதிரவில்லை. அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது, அனுக்கிரமம் என்று பெயர். பாத்திரம் மேடைக்கு வந்ததும் கதை முன்னால் போகாது, பின்னால் போகும். சக்திபத்ரனின் ஆச்சரியசூடாமணியில் ஆறாம் அங்கமான அங்குலியாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமன் மோதிரத்தோடு இலங்கைக்கு வந்து நிற்கிறான். எப்படி வந்தான்? கடலைத் தாண்டி. அதற்கு முன்? சம்பாதி வழி சொன்னான். அதற்கு முன்? தெற்கே தேட அனுப்பினார்கள். அதற்கு முன்? இப்படிப் படிப்படியாகப் பின்னால் போய்க் கதையின் வேரைத் தொட்டுவிட்டு, சுருக்கமாக முன்னால் வந்து, அப்புறம் நிர்வகணம் என்று அந்த முன்கதையை விரிவாக ஆடத் தொடங்குவார் நடிகர். கோயிலில் இது இரவு இரவாகப் பல நாள் நடக்கும். நாடகத்தின் ஓர் அங்கம்கூட முடிந்திருக்காது. ஆனால் அனுமன் கையில் இருக்கும் மோதிரம் எத்தனை பேர் கை மாறி அங்கே வந்தது என்று நடிகருக்கும் தெரிந்திருக்கும், சபைக்கும் தெரிந்திருக்கும்.

கொடுங்கல்லூர் பேருந்தில் இதைத் தம்பியிடம் செய்து பார்த்தேன். அப்போது ஒரு நாடகத்தில் அவனுக்கு அடுக்குமாடிக் காவலாளி வேடம். இரண்டே காட்சி. "கேட்டுக்கிட்ட நிக்கிற. அதுக்கு முன்ன?" "டிபன் சாப்பிட்டேன்." "எங்க?" "பைக் நிறுத்துற எடத்துல, தூணுக்குப் பின்னாடி." "ஏன் தூணுக்குப் பின்னாடி?" "மாடில இருந்து பாத்தா திட்டுவாங்க." "எந்த மாடி?" அவன் நிமிர்ந்து பார்த்தான். பேருந்தின் கூரையைத்தான் பார்த்தான், ஆனால் பார்வை மூன்றாவது மாடியில் போய் நின்றது. "அங்க, துணி காயுதுல்ல, அந்த பால்கனிண்ணே" என்றான். முன்சீட்டிலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் விடவில்லை. காவலாளி பட்டணம் வந்தது, ஊரில் விற்ற நிலம், நிலத்தை விற்க வைத்த வைத்தியச் செலவு, அப்பாவின் இருமல் வரை போய்விட்டோம். அத்தனைக்கும் அவன் கண்ணை மூடவே இல்லை.

கொடுங்கல்லூருக்குப் போகச் சொன்னது அந்த ஆசான். காரணம் மூச்சு. இளவயதில் மாதவ சாக்கியார் கொடுங்கல்லூர் கோவிலகத்துக்குப் போய்ப் பாகவதர் குஞ்ஞுண்ணித் தம்புரானிடம் கற்றார். அங்கே கற்றதில் முக்கியமானது, ரசத்துக்கு ரசம் மூச்சின் போக்கை மாற்றி, உடம்பின் எந்த இடத்தில் அதை நிறுத்துவது என்ற வித்தை. ஸ்வரவாயு என்கிறார்கள். பாலிவதத்தில் அம்பு பட்டு விழும் வாலியின் சாவை அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கண்ணின் ஒளி அதோடு சேர்ந்து அடங்கும். முகத்தசையை இழுத்துப் பிடித்து வருவதில்லை அது. தம்பியைக் கோபம் காட்டச் சொன்னபோது அவன் பல்லைக் கடித்தான், புருவத்தை நெரித்தான். ஆசான் அவன் அடிவயிற்றில் கையை வைத்து, முகத்தை விட்டுவிடு, இங்கே மூச்சை நிறுத்து என்றார். முகம் தளர்ந்தது. கண் மாறியது. எதிரே உட்கார்ந்திருந்த நான் சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நேரில் வந்து தங்கிக் கற்பவர்களுக்கு உரியது என்று நிறுத்திக்கொண்டார்.

கொடுங்கல்லூரில் பகவதி கோயில் கூட்டத்தில் நின்றுவிட்டுத் திருவஞ்சைக்களம் போனோம். வஞ்சி இதுவா, கரூரா என்ற சண்டை நம் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஓய்ந்தபாடில்லை, அதில் நான் தலையிடப் போவதில்லை. எந்த வஞ்சியானாலும், வடக்கே போய்த் திரும்பிய சேரன் செங்குட்டுவன் முன்னால் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடினான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பறையூர் என்பது பக்கத்திலுள்ள பறவூர்தான் என்பவர்கள் உண்டு. அந்த ஆட்டத்தின் விவரத்தை நடுகற் காதையில் எடுத்துப் பாருங்கள். உமையொரு பாகன் ஆட்டம். சிவன் பாதி ஆட, உமை பாதியில் ஒரு நகை அசையவில்லை, கூந்தல் கலையவில்லை. ஓர் உடம்பில் இரண்டு பேர், ஒருவர் ஆட்டத்தில், ஒருவர் அமைதியில். காலையில் களரியில் விட்டிலும் தீயுமாக அந்தப் பெண் செய்துகொண்டிருந்ததற்கு இதைவிடப் பழைய சாட்சி நமக்கு வேண்டாம். சோழர் காலத்துக் காமரசவல்லிக் கோயில் கல்வெட்டு, சாக்கைக் கூத்து ஆடியவருக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. காஞ்சியில் இருந்த மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசம், காஞ்சித் தெருவில் நடக்கும் கதை, இன்றும் கேரளக் கோயில்களில் பிள்ளை வரத்துக்கான நேர்த்திக்கடனாக ஆடப்படுகிறது. எழுதியது நாம், காப்பாற்றியது அவர்கள்.

இப்படிச் சொல்வதால், தமிழ் நாடகக்காரர்கள் எல்லோரும் கூடியாட்டம் ஆட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த முத்திரையும் அந்த ஒப்பனையும் அந்தக் கதைகளுக்கு உரியவை. நம் காவலாளிக்குக் கிரீடம் தேவையில்லை. ஆனால் கண்ணுக்குப் பயிற்சி, தூரத்துக்குக் கணக்கு, பின்னோக்கிக் கேட்கும் கேள்வி, மூச்சு என்ற நான்கும் எந்த நாடகத்துக்கும் பொது. இவற்றுக்கு அரங்கமும் வேண்டாம், பணமும் வேண்டாம், காலை நேரமும் பொறுமையும் போதும். பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பிள்ளைகளை விதையாக்கினால், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண் எந்த நிறம், மேலே எத்தனை விரற்கடை ஆழம், பக்கத்தில் எந்தப் புழு நகர்கிறது என்று கேளுங்கள். நாளைக்கு மறுபடி கேளுங்கள், அதே பதில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் நேற்று அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஷொறணூரில் இறங்குங்கள், திருச்சூர் வரை போக வேண்டாம். கலாமண்டலத்தில் வகுப்பு பார்க்க வார நாளில் காலையிலேயே போய்விட வேண்டும். களரி களரியாக ஓடாமல் ஒன்றில் உட்காருங்கள். 2021 முதல் கதகளி வகுப்பில் பெண்பிள்ளைகளும் சேர்கிறார்கள், அதையும் பாருங்கள். இரிஞ்ஞாலக்குடா போனால் எங்கே எப்போது ஆட்டம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஒரு நிர்வகணமாவது முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் அரை மணி நேரம் தூக்கம் வரும், அதற்குப் பயந்து எழுந்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கலாமண்டலத்துக்கு விடுமுறை.